உயிரோடு இருந்தவனுக்குத் துட்டி கேட்டது

ஆற்றில் வெள்ளம் வந்து தச்சநல்லூரில் எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் ஏறியதே, அந்த மார்கழிக்கு அடுத்து வந்த ஆனி மாதம் நடந்தது இது. வெள்ளத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் பழைய டிவி அந்த வெள்ளத்தில்தான் செத்தது. மகன் புதிதாக ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினான். கதவு அகலம் இருக்கும். பழையதில் ஒரு நாடகம் முடிந்தால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். புதியதில் ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாகவே வந்துவிடும். நானும் எழுந்திருக்க மாட்டேன். காலமெல்லாம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய உடம்பு. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

எனக்குப் படிப்பு கிடையாது. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். நடுநடுவே, "மாமா, இது வேண்டாம், ஊரு சிரிக்கும்" என்கிறாள். ஊர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது, நீ எழுது என்றேன். அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

எப்படி என்றால், நாடகம் தொடங்குமுன் திரையில் எழுத்துப் போட்டார்கள். "என்னம்மா போட்டுருக்கு?" என்று கேட்டேன். "உண்மைச் சம்பவம்னு போட்டுருக்கு மாமா" என்றாள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்திருக்கிறது. அவள் கண் அங்கே போவதற்குள் பாட்டு வந்துவிட்டது. அந்த வரியை மட்டும் நிறுத்திப் படித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

நாலு பையன்கள். பதினொன்றாம் வகுப்பு. ஆற்றங்கரையில் ஒரு கல் மண்டபம். பைக்கை யார் ஓட்டுவது என்று தகராறு. வார்த்தை முற்றி, ஒருத்தனைக் கல்லால் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மற்ற மூன்று பேரையும் போலீஸ் பிடிக்கிறது. அந்த மூன்று பேரில் ஒருத்தனுடைய அப்பா நெல் வியாபாரி. அவர் சாக்குக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்து, முன்பல்லால் கடித்து, ஈரம் பார்த்துத் துப்பினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இவரு நம்ம ஆளுல்லா!"

"யாரு மாமா?"

"எங்க மில்லுக்கு நெல்லு கொண்டாருவாரு, அம்பாசமுத்திரத்துப் பக்கம். அவரு பையன்தான் இப்படி ஒரு கேசுல மாட்டுனான். இது அந்தக் கததான்!"

எல்லா நெல் வியாபாரியும் நெல்லைக் கடித்துத்தான் பார்ப்பான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் அதிசயம், நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என் புத்தி எப்போதாவது சரியாக வேலை செய்தால் இப்படித்தான், நேராக ஒரு பெரிய தப்பில் கொண்டுபோய் விடும்.

அந்த வியாபாரி நல்ல மனுஷர். மூட்டையை இறக்கி முடித்ததும் கூலிக்காரன், வியாபாரி என்று பார்க்காமல் பக்கத்தில் உட்காரச் சொல்லி வெற்றிலை தருவார். பையனைச் சின்ன வயதில் லாரியில் கூட்டிவருவார். அது மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து என் துண்டைப் பிடித்து இழுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கேஸ் என்று கேள்விப்பட்டும் நான் எட்டிப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்று இல்லை. எதைச் சொல்லிக்கொண்டு போவது? சாவு வீடு என்றால் துட்டி கேட்கப் போகிறேன் என்று போகலாம். ஆறுதலுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு கையையும் நீட்டினால் அவர்கள் தொடுவார்கள். கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடலாம். வாயே திறக்க வேண்டாம். பிள்ளையைப் போலீஸ் கூட்டிப்போன வீட்டுக்குள் நுழைய நம்மிடம் என்ன முறை இருக்கிறது? ஒன்றும் கிடையாது. அதனால் யாரும் போவதில்லை. நானும் போகவில்லை.

கடைசிப் பாகத்தில் அந்த நெல் வியாபாரி மகன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்து, நேராக அந்த ஆற்றுக்குப் போய், தண்ணீருக்குள் இறங்கி நடந்துகொண்டே இருந்தான். தலை முங்கியது. நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மருமகளும் அழுதாள். அழுகைக்கு நடுவில் எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது போகலாமே! சாவு வந்துவிட்டது. முறை இருக்கிறது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் துட்டி கேட்க ஆகாது. புதன்கிழமை போவோம் என்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். போனவன் டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

"நாளைக்கு ஒரு துட்டிக்குப் போறேன்" என்றேன்.

"யாரு வே?" என்றார் மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர். அவர் கடை டீக்கடைக்கு அடுத்தது. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் கடை முதலாளி. நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை 'வே' என்பார்.

நான் சொன்னேன். பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன், யார் மகன் என்று சொன்னேன். "அந்தப் பய அடிச்ச அடி இருக்கே!" என்று எழுந்து நின்று கையை ஓங்கியும் காட்டினேன். டீ ஆற்றுகிறவர் கை அப்படியே நின்றுபோனது. நான் பேசி இத்தனை பேர் கேட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அதனால் பின்னால் வந்தவர்களுக்காக மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

மறுநாள் பழைய வேட்டி, தோளில் துண்டு. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. துட்டிக்குப் போகிறவன் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அங்கே இறங்கி ஆட்டோவில் அவர்கள் ஊருக்குப் போனேன்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் அவர்தான் திறந்தார். ஆள் பாதியாகிவிட்டார். நான் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் கை தானாக வந்து என் கையைத் தொட்டது. முறை அப்படி. கை நீண்டால் கை வரும். தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

துக்கத்தில் மனுஷன் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவர் வீட்டம்மா வந்து, "நாற்காலில இருங்க அண்ணாச்சி" என்றாள். "இருக்கட்டும் தாயி" என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது எனக்கு. அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

"மனசத் தேத்திக்கிடுங்க. நம்ம கையில என்ன இருக்கு?" என்றேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு வாலிபன் காப்பி கொண்டுவந்தான். துட்டி வீட்டில் காப்பியா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"வேண்டாம்யா" என்றேன். அப்புறம் வியாபாரியிடம், "தம்பி, இது யாரு, தங்கச்சி மகனா?" என்றேன்.

"எம் மவன்லா, அண்ணாச்சி. உங்க துண்டப் பிடிச்சு இழுப்பானே."

நான் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தேன். சுவர் வந்ததும்தான் நின்றேன்.

"நீ... ஆத்துல எறங்கிப் போனியேடா!"

பையன் டம்ளரைக் கீழே வைத்தான். "அது நாடகத்துல, பெரியப்பா."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையன் சிரித்தான். வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. "கேசு நடந்ததுலருந்து இந்த வாசப்படிய ஒருத்தரும் மிதிக்கல. மொத மொதல்ல நீங்கதான் வந்திருக்கிய" என்றார். அப்புறம், "அதுவும் துட்டிக்கு" என்று சொல்லி அவரும் சிரித்துவிட்டார். நான் காப்பியை எடுத்துக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

நடந்ததை அவர்தான் சொன்னார். அடித்தது மற்ற இரண்டு பேர். இவன் கரையேறி ஓடியது ஆள் கூப்பிட. கூப்பிட்டுக்கொண்டு திரும்பியும் வந்திருக்கிறான். போலீஸ் அங்கே நின்ற எல்லோரையும் பிடித்துவிட்டது. கடைசியில் கோர்ட்டில் இவன்மேல் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நாடகத்தில் அடித்தவனே இவன்தான் என்று ஆக்கி, ஓடியதைத் தப்பி ஓடியதாகக் காட்டி, ஆற்றிலும் இறக்கிவிட்டார்கள்.

"உங்ககிட்ட வந்து கேட்டாகளா?" என்றேன்.

"யாரு கேட்டா? நாங்களும் டிவியிலதான் பாத்தோம். இவன் பக்கத்துலயே உக்காந்து, தான் சாகுததத் தானே பாக்கான்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கன இருந்தா வாழ விட மாட்டாக அண்ணாச்சி. உங்க தச்சநல்லூர்லதான் இவனுக்கு ஒரு வேல கெடச்சிருக்கு. மோட்டாரு காயிலு கட்டுத கட. திங்கக்கெழம வரச் சொல்லிருக்காக. அங்கன இவன யாருக்கும் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாதாம். பெயர், ஊர், அப்பன் பெயர், அடித்த கை எந்தக் கை என்பது வரைக்கும் நேற்றே சொல்லி முடித்துவிட்டேன். அதுவும் அந்தக் கடைக்காரர் முன்னால்.

எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை போன பிறகுதான் உறைத்தது, துட்டி வீட்டிலிருந்து வருகிற மாதிரியே சொல்லாமல் வந்திருக்கிறேன். திரும்பப் போய் வாசலில் நின்று, "போயிட்டு வாறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

வீட்டு வாசலில் மருமகள் குளிப்பதற்குத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள்.

"குளிக்காண்டாம். யாரும் சாவல. காப்பி குடிச்சிட்டு வாறேன்."

"துட்டி வீட்டுல காப்பி குடிச்சியளா?"

"துட்டியே இல்லங்கேன்."

"துட்டின்னு சொல்லிட்டுப் போனியள்லா? குளிச்சிட்டு உள்ள வாங்க."

ஒருத்தன் உயிரோடு இருப்பதற்காகத் தலை முழுகியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அப்புறம் அந்த நாடகத்தை மறுபடி போடச் சொல்லி, எழுத்து வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அவள் கீழே இருந்த வரியைப் படித்தாள். பாத்திரங்களும் முடிவும் கற்பனையாம். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஈரத் தலையோடு காயில் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அந்தப் பையன் சாகல."

"எந்தப் பையன்?"

"நேத்து நான் சாகடிச்சேனே, அவன்."

அவர் கம்பி சுற்றுவதை நிறுத்தினார். "அதான வே! திங்கக்கெழம வேலைக்கு வாறேன்னவன் எப்படிச் செத்தான்னு நேத்துலருந்து மண்டையப் போட்டு ஒடைக்கேன். அது கெடக்கட்டும். அடிச்சானா, இல்லையா?"

"அடிக்கல."

"நேத்து நீருதான வே கைய ஓங்கிக் காட்டுனீரு?"

"அது நாடகக்காரன் காட்டுனது. அடிக்கலன்னு கோர்ட்டுல சொல்லியாச்சு."

"தீர்ப்பப் படிச்சீராக்கும்?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? அவுக அம்மா சொன்னா."

"அம்மா சொன்னா போதுமா வே?"

"நாடகக்காரன் சொன்னது நமக்குப் போதுமா இருந்துச்சே, அண்ணாச்சி."

அவர் மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். "வரட்டும். ஆனா மோட்டாரு கொண்டாறவன் அவன் மொகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போனா, என்னால வச்சுக்கிட முடியாது. ஊருக்குச் சொன்னது நீரு. நீரே போயி மாத்திச் சொல்லும்" என்றார்.

மாற்றிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. டீக்கடையில் சொன்னேன். டீ ஆற்றுகிறவர் கை இந்தத் தடவை நிற்கவே இல்லை. "அதான் டிவிலயே காட்டிட்டானே" என்றார். "செத்தவன் கையால காப்பி குடிச்சேங்குதாரு, வயசாயிட்டுல்லா" என்று ஒருத்தர் மற்றவரிடம் சொன்னார். எதிர்வீட்டு அம்மா எனக்குத் திருநீறு கொண்டுவந்து பூசிவிட்டாள்.

திங்கட்கிழமை பையன் வந்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறான். நான் கடை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, மோட்டார் கொண்டுவருகிறவர்கள் படியேறுமுன்பே, "இவன் அடிக்கல, சாகவும் இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தேன். நாடகம் பார்க்காதவர்கள்கூட யார், என்ன என்று விசாரித்தார்கள். ஒரு ஆள் மோட்டாரை இறக்காமலே போய்விட்டார்.

பையன் திரும்பாமலே சொன்னான்: "பெரியப்பா, நீங்க பேசாம சும்மா இருந்தியன்னா, பாதிப் பேரு மறந்துருவாக."

சரியாகத்தான் சொன்னான். இப்போது வாசலில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். மூட்டை தூக்கியதுகூட இவ்வளவு பாரமாக இல்லை. மோட்டார் ஒன்றிரண்டு வருகிறது. கடைக்காரர் இன்னும் ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை.

ஆனால் நான் சொன்ன பொய் டவுண் வரைக்கும் போய்விட்டது. யார் யார் வாயில் இருக்கிறதோ, அங்கெல்லாம் மூட்டை தூக்கித் தேய்ந்த இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் போக முடியாது. அதனால் கேட்கிறேன். நீங்கள் யாரிடமாவது சொல்லுங்கள். நான் செய்த மாதிரி பெயரும் ஊரும் சேர்த்துச் சொல்ல வேண்டாம். அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு யாராவது அழுதுகொண்டிருந்தால், அந்தப் பையன் அடிக்கவில்லை, அவன் ஓடியது ஆள் கூப்பிட, அவன் ஆற்றில் இறங்கவும் இல்லை, எங்கேயோ உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.