கடைசி பெஞ்சில் ஜமீலா டீச்சர்

சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் எங்கள் வீட்டில் யாரும் தொலைபேசியை எடுப்பதில்லை. போன மாதம் அப்படி ஒரு காலையில் நான் குடங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது விடாமல் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன். ஜமீலாவின் மகன். “பெரியம்மா, அம்மா தவறிப்போய்ட்டாங்க. தூக்கத்துலயே” என்றான். அதற்குப் பிறகு குழாயை யார் மூடினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜமீலா என்னைவிட வயதில் சின்னவள். முந்திக்கொள்ள அவளுக்கு என்ன உரிமை என்று முதலில் கோபம்தான் வந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் அழுதேன்.

ஜமீலா பேகத்தைக் கணக்கு டீச்சராக அறிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அவளிடம் படித்தவர்கள் எழுதினால் வேறு விதமாக எழுதுவார்கள். நான் சொல்லப்போவது அவள் டீச்சர்களுக்கே சொல்லிக்கொடுக்கப் பழகிய கதை. அதற்கு எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டோம். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள், நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பள்ளியை நடத்திய அறக்கட்டளைக்குக் கோவையைச் சுற்றி இன்னும் சில பள்ளிகள் இருந்தன. தாளாளர் ஒரு மில் முதலாளி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சரிந்துபோன ஒரு கோடையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். எனக்குத் தமிழ், ஜமீலாவுக்குக் கணக்கு. “வாரத்துல ஒரு நாள் மத்த பள்ளிக்கூடங்களுக்குப் போங்கம்மா. வகுப்புல உட்கார்ந்து பாருங்க, டீச்சருங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அப்படியே அந்த டீச்சருங்கள்ல யாரு தேறுவாங்க, யாரு தேற மாட்டாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லிப்போடுங்க” என்றார். நான் பெருமையோடு தலையாட்டினேன். ஜமீலா அந்தக் கடைசி வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில், “ஏனுங்க அக்கா, சொல்லிக் குடுக்கறதையும் கோள் சொல்றதையும் ஒரே ஆளு செய்ய முடியுங்களா?” என்று கேட்டாள். “பஸ் வருது பாரு” என்றேன் நான்.

முதலில் போனது அன்னூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கத்தை இழுத்து முடிப்பதற்குள் ஒருவர் இளநீர் வெட்டப் போய்விட்டார். ஆசிரியரின் நாற்காலியையே துடைத்து எனக்குப் போட்டார்கள். நானும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவளைப் போல அதில் அமர்ந்துகொண்டேன். பழனிச்சாமி வாத்தியார் அனுபவசாலி. ஆனால் என் முகத்தையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்தபடி வியர்த்து விறுவிறுத்துப் பாடத்தை முடித்தார். வராந்தாவில் வைத்து அவர் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “சரிங்க, மாத்திக்கறேனுங்க” என்றார். எனக்குப் பரம திருப்தி. அடுத்த முறை நாங்கள் போன அன்று அவர் விடுப்பு. அதற்கடுத்த முறையும் விடுப்பு. நல்ல விதமாகத்தானே பேசினார் என்று நான் ஆதங்கப்பட்டபோது ஜமீலா சிரித்தாள். “அக்கா, நம்ம ஊருல ஒருத்தர் அத்தனை தடவை சரிங்கன்னு சொன்னா, சீக்கிரம் போய்ட்டு வாங்கன்னு அர்த்தமுங்க.”

அவள் செய்த அடுத்த காரியம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பழனிச்சாமி வாத்தியாரைத் தன் வகுப்புக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். குறை கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையிலோ என்னவோ, அவரும் வந்தார். அவரைக் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார வைத்தாள். “என்னைப் பாக்காதீங்க. எந்த எடத்துல பசங்க என்னை உட்டுட்டுப் போறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றாள். வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி, “பின்னத்தைத் தலைகீழாத் திருப்பற எடத்துல சன்னலோர வரிசை முச்சூடும் போயிருச்சுங்க. நீங்க போர்டுப் பக்கமே திரும்பி நின்னுட்டிருந்தீங்க” என்றார். இவள் கொஞ்சமும் முகம் கோணவில்லை. “அட, ஆமாங்க. நான் கவனிக்கவே இல்லீங்க” என்றாள். மறுநாள் அதே பாடத்தைப் பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்று மறுபடியும் நடத்தினாள். அதற்குப் பிறகு பழனிச்சாமி வாத்தியார் விடுப்பு எடுக்கவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று அவரே கேட்டனுப்பினார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் முறை ஆயிற்று. முதலில் அவர்கள் எங்கள் வகுப்பைப் பார்ப்பார்கள். பிறகுதான் நாங்கள் அவர்கள் வகுப்புக்குப் போவோம். போகிற இடத்தில் ஜமீலா நாற்காலியைத் தொடமாட்டாள். வாசலிலேயே, “நான் உங்களப் பாக்க வரலீங்க, உங்க பிள்ளைங்களப் பாக்க வந்தேனுங்க” என்று சொல்லிவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவாள். எனக்கு மூட்டுவலி என்று சாக்குச் சொல்லி நான் கொஞ்ச காலம் நாற்காலியிலேயே இருந்தேன்.

சரவணம்பட்டிப் பள்ளியில் தங்கமணி என்று ஒரு கணக்கு டீச்சர் இருந்தாள். சின்னப் பெண், தற்காலிக வேலை. வருடக் கடைசியில் தாளாளர் வைத்துக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அவள் நடத்திய எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. அவள் கூப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் ‘டாண் டாண்’ என்று சரியான விடை சொன்னார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த நான் பூரித்துப்போனேன். கடைசி பெஞ்சில் இருந்த ஜமீலாவுக்கு அங்கிருந்து வேறொன்று தெரிந்தது. சில பேர் வலக்கையைத் தூக்கினார்கள், சில பேர் இடக்கையை. பக்கத்தில் இருந்த சிறுமியிடம், “ஏங்கண்ணு, நீ எதுக்கு இந்தக் கையத் தூக்கறே?” என்று காதோடு கேட்டிருக்கிறாள். “தெரிஞ்சா சோத்தாங்கைங்க, தெரியலீன்னா நொட்டாங்கைங்க. டீச்சரு சோத்தாங்கையத்தான் கூப்புடுவாங்க” என்றதாம் அது.

இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாளே என்று ஆசிரியர் அறையில் ஒரு பிடி பிடித்தேன். தாளாளரிடம் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். தங்கமணி முந்தானை நுனியைத் திருகியபடி நின்றாள். ஜமீலா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

“தங்கமணி, இது நீங்களா யோசிச்சதுங்களா?”

“ஆமாங்க. தப்புத்தானுங்க, மன்னிச்சுருங்க.”

“நான் படிச்ச பயிற்சிக் கல்லூரில கூட இப்படி ஒண்ணைச் சொல்லித் தரலீங்க. யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு ஒரே பார்வைல முழு வகுப்பும் தெரிஞ்சுபோகுது. நாங்க போனதுக்கப்புறமும் இத உட்றாதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்துங்க. நொட்டாங்கையத் தூக்கறவங்களக் கூப்புடுங்க.”

“அவங்களுக்குத்தான் தெரியாதுங்களே?”

“அதுக்குத்தானுங்க நமக்குச் சம்பளம்.”

தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். ஏமாற்று வேலை என்று நான் பார்த்ததற்குள் ஒரு நல்ல வாத்தியார் ஒளிந்திருந்ததை இவள் பார்த்துவிட்டாள்.

சொன்னதும் எல்லாம் நடந்துவிடவில்லை. இடக்கையைத் தூக்கினால் எழுப்பிக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள். அடுத்த வாரம் எல்லாக் கைகளும் வலக்கைகள். அதற்கடுத்த வாரம் ஒரு கையும் எழவில்லை. தங்கமணி அழாத குறை. ஜமீலா அப்போதும் இப்படிச் செய்யுங்கள் என்று வழி சொல்லவில்லை. “கூப்புட்டதும் அவங்ககிட்ட என்ன கேக்கறீங்க?” என்றுதான் கேட்டாள். “விடை என்னன்னு கேக்கறேனுங்க” என்றாள் தங்கமணி. பிறகு அவளாகவே, “எது வரைக்கும் தெரியும்னு கேட்டா என்னங்க?” என்றாள். “கேட்டுப் பாருங்க” என்றாள் ஜமீலா. மார்கழிக் குளிர் விடுவதற்குள் அந்த வகுப்பில் இடக்கைகள் கூசாமல் எழ ஆரம்பித்தன. நானும் அதற்குள் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருந்தேன். மூட்டுவலி எங்கே போனது என்று ஜமீலா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருடக் கடைசியில் தாளாளர் எங்களை அழைத்தார். மேசை மேல் தற்காலிக ஆசிரியர்களின் விவரங்கள் இருந்தன. “சரவணம்பட்டி தங்கமணி. தேறுமா, தேறாதா?” என்றார். நான் நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். ஜமீலா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஐயா, அத நாங்க சொல்ல மாட்டோமுங்க.”

அந்த அறையில் யாரும் அவருக்கு மறுப்புச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தங்கமணியின் வேலையோடு ஜமீலாவின் வேலையும் போய்விடும் என்றே நினைத்தேன். நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்வதில் இவளுக்கு என்ன நஷ்டம் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

“நல்லதுன்னாலும் சொல்ல மாட்டீங்களா?” என்றார் அவர்.

“ஆமாங்க. இன்னிக்கு ஒருத்தரை நல்லதுன்னு சொல்லிப்போட்டா, நாளைக்கு இன்னொருத்தரைப் பத்திச் சும்மா இருந்தாலே அது கெட்டதுன்னு ஆயிருமுங்க. அப்புறம் ஒரு வகுப்புக் கதவும் எங்களுக்குத் தெறக்காதுங்க. நீங்களே ஒரு நாள் வந்து பின்னால உட்கார்ந்து பாருங்க.”

எங்களைப் போகச் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே வெள்ளை வேட்டி கசங்கக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முக்கோணத்தின் கோணங்களைப் பற்றிய பாடம். இரண்டு கோணங்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்டாள் தங்கமணி. அவருக்கு முன்னால் இருந்த பையன் இடக்கையைத் தூக்கினான். “ரெண்டு கோணத்தையும் கூட்டற வரைக்கும் தெரியுமுங்க, அதுக்கு மேல தெரியலீங்க” என்றான். தங்கமணி அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனாள். வெளியே வந்த தாளாளர் எங்களிடம், “எங்க மில்லுல எதைக் கேட்டாலும் தெரியுமுங்கன்னுதான் சொல்லுவாங்க. தெரியலீங்கன்னு ஒருத்தன் பயமில்லாமச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன்” என்றார். தங்கமணியின் வேலை நிரந்தரமாயிற்று. எங்களிடம் யாரைப் பற்றியும் அவர் அதன்பின் கேட்டதில்லை. தாளாளர் எங்களிடம் கேட்டார் என்று தெரிந்தாலே டீச்சர்கள் மிரளுவார்கள் என்பதால், அந்த அறையில் பேசியதை வெளியே சொல்ல வேண்டாம் என்று ஜமீலா என்னிடம் கேட்டுக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராத வித்தை. இருந்தும் இத்தனை வருடம் மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவள் தவறிய அன்று, கோட்டைமேட்டில் ஜமீலாவின் வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். தங்கமணி உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே இப்போது அவள் தலைமையாசிரியை. என் தோளில் சாய்ந்து, “ஜமீலா டீச்சர்தானுங்க அக்கா எனக்குப் பொழப்புக் குடுத்தவங்க. அன்னைக்கு ஐயாகிட்ட எனக்காக அவங்க பேசலீன்னா நான் என்ன ஆயிருப்பனுங்க? எப்ப நன்றி சொன்னாலும், நான் ஒண்ணுமே சொல்லலீங்க தங்கமணின்னுதான் சொல்லுவாங்க. அவ்வளவு பெரிய மனசு” என்று அழுதாள். நம் ஊரில் உதவி செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள். தங்கமணியும் அதைப் பணிவு என்றே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனியும் மறைப்பது நியாயமில்லை என்று தோன்றியது. “அவ நெசத்தத்தான் சொல்லியிருக்கா தங்கமணி. உன்னைப் பத்தி நல்லதாக்கூட ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல மாட்டேன்னுட்டா. வந்து பாத்துக்கங்கன்னா. அவரு வந்து பாத்தாரு, அவ்வளவுதான்” என்றேன்.

தங்கமணி அழுகையை நிறுத்தி என் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப நானாத்தான் தேறுனனுங்களா அக்கா?”

“ஆமா அம்மணி. நீயாத்தான்.”

ஜமீலாவின் நினைவாக நான் வைத்துக்கொண்டது தங்கமணியின் இந்த ஒரு கேள்வியைத்தான். எத்தனையோ பேரை நான்தான் தேற வைத்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.