திட்டுவதற்கு ஒரு பாட்டு

சூரியநெல்லிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சிரிப்பதுதான் என் முக்கிய வேலை; சாவி கொடுப்பதெல்லாம் அப்புறம். ஐந்து மணி வரை சிரித்துவிட்டு, தேயிலைக்கு நடுவே இருபது நிமிடம் நடந்து, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு இறங்குவேன். அந்த இருபது நிமிடமும் காதில் ராப் பாட்டு ஓடும். பகலெல்லாம் விழுங்கிய கோபத்தை எனக்காக யாராவது கத்தித் தீர்க்க வேண்டுமே.

ஒரு வருடமாக அப்படிக் கத்தியவன் ஒரு பஞ்சாபிக்காரன். ஒரு வார்த்தை புரியாது. அதுதான் வசதி; யாரைத் திட்டுகிறான் என்பதை நானே முடிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலும் மேனேஜரை. பாட்டின் நடுவில் "சூடியான், சூடியான்" என்று பல்லைக் கடித்துச் சொல்வான். அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை இருக்க முடியாது என்று நம்பியிருந்தேன். வளைவில் ஆள் இல்லாத இடம் பார்த்து நானும் கூடவே கத்துவேன்.

போன மழைக்காலத்தில் பஞ்சாபிலிருந்தே ஒரு குடும்பம் வந்து தங்கியது. பள்ளத்தாக்கு தெரியும் அறையைப் பதிந்திருந்தார்கள். வந்த அன்றே பனி இறங்கிப் பள்ளத்தாக்கை மூடிவிட்டது. குடும்பத் தலைவர் மேசைக்கு வந்து, படத்தில் காட்டியது எங்கே என்று கேட்டார். பனி விலகினால் தெரியும் என்றேன். எப்போது விலகும் என்றார். தெரியாது என்றேன். பிறகு எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

மேனேஜர் கோட்டயத்துப் பக்கம். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒரு ஸாரி சொல்லிடு. கெஸ்ட் அல்லே?"

"பனிக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?"

"பனிக்கு ஸாரி சொல்லத் தெரியாதல்லோ. நீ சொன்னா போதும்."

பனியின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன், சிரித்துக்கொண்டே.

அன்றைக்கு ஐந்து மணி வரை பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லாண்டிரி அறைக்குப் பின்னால் போய் நின்றேன். இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்ததால் போனிலேயே பாட்டை வைத்தேன். "சூடியான்" வந்ததும் அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு நானும் சொன்னேன். நிமிர்ந்தால் அவரே எதிரில் நிற்கிறார், மகனின் நனைந்த சட்டையோடு.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமா?" என்று இந்தியில் கேட்டு, இரண்டு வரி பாடியும் காட்டினார். என்ன சொல்கிறான் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியிடம், திரும்பி வா, உனக்காக வளையல் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கெஞ்சுகிறானாம். சூடியான் என்றால் வளையல்கள்.

ஒரு வருடமாக மேனேஜரை நான் வளையல் என்று திட்டியிருக்கிறேன்.

ஊருக்குப் போனதும் அவர் இணையத்தில் எங்கள் ரிசார்ட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, வரவேற்பில் இருக்கும் பெண் அன்பானவள், எங்கள் பாட்டையெல்லாம் ரசிக்கிறாள் என்று எழுதினார். மேனேஜர் அதை அச்செடுத்து மேசைக்குப் பின்னால் ஒட்டினார். எனக்குத்தான் பாட்டு போயிற்று. அதைக் கேட்டால், கோபித்துக்கொண்டு போன அந்த மனைவி திரும்பி வந்தாளா என்ற கவலைதான் வந்தது.

வேறு தேடினேன். இங்கிலீஷ் ராப் வேகத்துக்கு என் வாய் ஓடவில்லை. மலையாளத்தில் ஒன்று நன்றாக இருந்தது. மேனேஜரும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்த அன்று விட்டுவிட்டேன். கடைசியில் தமிழில் ஒன்று கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் வீடு சொந்தமாகாதவர்களைப் பற்றிப் பாடுகிறான். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரிந்ததும் சங்கடமாகிவிட்டது. துண்டு மாற்றவில்லை என்று ஒரு விருந்தாளி கத்தியதையெல்லாம் அவன் கோபத்துக்குப் பக்கத்தில் எப்படிக் கொண்டுபோய் வைப்பது?

இருந்தாலும் ஒரு மாலை அதையே சத்தமாக வைத்துக்கொண்டு இறங்கினேன். எங்கள் லயத்து அக்காமார் மூன்று பேர் கொழுந்துச் சாக்கைச் சுமந்து எடை போடப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நின்றார்கள்.

"ஏட்டி, யாரு இவன், இந்தக் கத்து கத்துதான்?"

"பாட்டுதான்க்கா."

"யார வையுதான்?"

"நமக்கு வீட்ட எழுதித் தராதவங்கள."

மூவரும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, முடியும் வரை நின்று கேட்டார்கள். மூத்த அக்கா சாக்கைத் திரும்பத் தூக்கினாள்.

"நல்லாத்தான் வையுதான். ஆனா மூச்சே விட மாட்டேங்கான். நாளைக்கும் போடு. கொஞ்சம் மெதுவா வையச் சொல்லு, எங்களுக்கும் வெளங்கணும்லா."