மாடி வீட்டு அக்காவின் ஆட்டம்

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. கணவர் காய்கறி வேனை எடுத்துக்கொண்டு மறுபடி குமுளிக்குப் போக ஆரம்பித்திருந்தார். எங்கள் மாடியில் குடியிருந்தவர்களின் பெண் கல்லூரிக் கபடி அணியில் ஆடினாள். அன்று அந்த அணிக்கு இறுதி ஆட்டம். நான்காவது படிக்கும் என் மகள் காலையிலிருந்து அதே பேச்சாக இருந்தாள்.

"வர்றோம்னு அக்காகிட்ட சொல்லிட்டேம்மா."

வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. சேலையை மாற்றிக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் டவுன் பஸ் ஏறினேன்.

கல்லூரி மைதானத்தில் நிழல் விழுந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. வெயில் படியில் உட்கார்ந்தோம். மைக்கில் ஒருவர் விடாமல் பாயிண்ட் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் கை தட்டியபோது நானும் தட்டினேன்.

"அம்மா, அது எதிர் டீமு! நம்மது மஞ்சள்."

சரி என்றேன். சற்று நேரத்தில் மறுபடி தப்பாகத் தட்டினேன். அதன்பின் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்படியில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. பால் வற்ற மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு என் மார்பு சுரந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டார். அவருடைய மகளும் ஆடுகிறாளாம்.

"பச்ச உடம்போட வெயில்ல உக்காந்திருக்கியே தாயி. பிள்ளைய எங்கன விட்டுட்டு வந்த?"

"இல்லக்கா. பெறக்கும்போதே உசுரு இல்ல."

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலத்தான் என் குரல் இருந்தது. அவர் எழுந்து எனக்கு நேர் முன்படிக்கு மாறி உட்கார்ந்துகொண்டார். அவருடைய அகன்ற முதுகுக்கு அப்பால் பாதி மைதானம்தான் எனக்குத் தெரிந்தது. யாருக்கும் நான் தெரியவில்லை.

மகள் என் முந்தானையைத் தொட்டாள். "ஈரமா இருக்கும்மா."

"தண்ணி கொட்டிருச்சு."

தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அவள் மடியில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியாக மாடி வீட்டுப் பெண் கபடி பாடிப் போனாள். திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொடுவதற்கு ஒரு கை தூரத்தில் அவளை அமுக்கிவிட்டார்கள். விசில் ஊதியதும் என் மகள் ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெறுங்கையோடு வந்த அன்று அவள் அழவில்லை. இப்போது மூக்கு ஒழுக, விக்கி விக்கி அழுதாள். தலையைத் தடவினேன். எனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

முழங்கையில் மண் ஒட்டியபடி அந்தப் பெண் எங்களிடம் வந்தாள்.

"ஏ பாப்பா, நீ எதுக்கு அழுகுற? தோத்தது நான்ல?"

மகள் இன்னும் சத்தமாக அழுதாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். நான் பின்னால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பஸ் கிளம்பியதும் கணவர் போன் செய்தார்.

"ஆட்டம் என்னாச்சு?"

"தோத்துட்டாக."

"நீ எப்படி இருக்க?"

"பஸ்ல இருக்கேன்," என்றேன்.