கார் இல்லாத டென்மார்க் மாப்பிள்ளை

மனிதர்களை அவர்கள் ஓட்டும் காரை வைத்து எடைபோடும் வியாதி எனக்கு உண்டு. அறந்தாங்கியில் பழைய கார் வாங்கி விற்கிறவன் வேறு எதை வைத்து எடைபோடுவான்? பானெட்டைத் திறக்கவே வேண்டாம். சீட் கவரையும் டிக்கியில் கிடக்கும் சாமானையும் பார்த்தே ஆள் சிக்கனமா ஊதாரியா, வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதுவரை சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தப்பிப்போகிற இரண்டில் ஒன்று என் சொந்தத் தங்கச்சியின் கல்யாணத்தில் வந்து விழுந்தது.

தங்கச்சி பிசியோதெரபி படித்துவிட்டுப் புதுக்கோட்டையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஊர் கட்டுமாவடி போகிற வழியில். வேலை டென்மார்க்கில், கோபன்ஹேகனில், காற்றாலை செய்கிற கம்பெனியில் என்ஜினியர். ஜாதகம் பொருந்தியது. இரண்டு தடவை வீடியோவில் பேசினார்கள். மூன்றாவது தடவை நாங்கள் யாரும் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் அவள் என்னிடம் வந்து, “அண்ணே, எனக்கு இவரைப் புடிச்சிருக்கு. அப்பாகிட்ட நீங்கதான் பேசி முடிக்கணும்” என்றாள். இருபத்தாறு வயதில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். முடித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியிருந்தோம். அதற்குள் விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கம் விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். உள்ளூர் மாப்பிள்ளை என்றால் ஒரு டீக்கடையும் ஒரு சலூனும் போதும். குடிப்பாரா என்று நேராகக் கேட்க மாட்டோம், “தம்பி சாயங்காலத்துல எங்கிட்டு இருப்பாப்ல?” என்று கேட்போம். பதில் வருவதற்கு ஆகும் நேரத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். துபாய், சிங்கப்பூர் என்றாலும் கவலையில்லை, தெருவுக்கு ஒருத்தர் அங்கே இருக்கிறார். டென்மார்க்குக்கு எங்கே போவது?

அப்போதுதான் கோட்டைப்பட்டினத்து பாய் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய தம்பிக்கு நான் ஒரு வண்டி விற்றிருந்தேன். பாய் கோபன்ஹேகனில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். புதன்கிழமை மத்தியானம் போன் போட்டேன். அதிசயம், மாப்பிள்ளையை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை அந்த ஹோட்டலுக்குத்தான் சாப்பிட வருவாராம்.

“தங்கமான பையன் தம்பி. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. மழையோ குளுரோ, டாண்ணு சைக்கிள எடுத்துக்கிட்டு வேலைக்குக் கெளம்பிருவாப்ல.”

“சைக்கிள்லயா? அப்ப கார் எங்க நிப்பாட்டுறாரு?”

“கார் இல்லியே தம்பி.”

அதற்கு மேல் அவர் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் காதில் ஏறவில்லை. ‘சரி பாய், கஸ்டமர் வந்திருக்காக’ என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து வருஷமாக வெளிநாட்டில் இருக்கிற என்ஜினியருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார்கூட இல்லையா? என் கடையில் கொத்தனார் வண்டி எடுக்கிறார், மீன் வியாபாரி எடுக்கிறார். நேரே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டிவிட்டேன்.

அப்பா நிதானமானவர். விவசாயி, ஆனால் எதையும் வக்கீல் மாதிரி அடுக்கிப் பார்ப்பார். “நம்ம பங்காளி மகன் ஜெர்மனிக்குப் போயி ஆறே மாசத்துல காரு வாங்குனான். இவன் அஞ்சு வருசமா சைக்கிள மிதிக்கிறான். ஒண்ணு, சொல்ற சம்பளம் பொய்யா இருக்கணும். இல்லாட்டி காசு வேற எங்கிட்டோ போகுது. வேணாம்டா, வெள்ளிக்கிழம வேணாம்னு சொல்லிருவோம்.”

அன்றைக்கு லீவில் இருந்த தங்கச்சி அறைக்கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. “அவருக்கு என்ன கொறைன்னு கேட்டா, காரு இல்லைங்கிறீங்க. நான் அவர கட்டிக்கப் போறேனா, அவரு காரையா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாள் காலை இட்லித் தட்டை என் முன்னால் வைத்த வேகத்தில் சட்னி சட்டையில் தெறித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை, வெறும் அவசரம்தான். அதற்கே புத்தி போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் பாயே கூப்பிட்டார்.

“என்ன தம்பி, பாதிப் பேச்சுல வச்சிட்டீங்க? எனக்கு மனசே சரியில்ல. கார் இல்லைன்னா வக்கில்லைன்னு நெனச்சுப்புட்டீங்களோ? எங்க மொதலாளி மூணு ஹோட்டல் வச்சிருக்காரு. அவரே சைக்கிள்லதான் வாராரு.”

“ஏன் பாய், அந்த ஊர்ல காருக்கு என்ன கேடு?”

“வரி தம்பி, வரி! புதுசா ஒரு கார ரோட்டுல எறக்கணும்னா மொதல்ல பதிவு வரி. பெட்ரோல் வண்டி, கொஞ்சம் பெரிய வண்டின்னா, வண்டி வெலைய விட வரி கூட வந்துரும். நீங்க ஒரு கார் வாங்குனா கவர்மெண்டுக்கு இன்னொரு கார் வாங்கிக் குடுத்த மாதிரி.”

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் ஊரில் பதிவு செய்யும்போது கட்டும் லைஃப் டாக்ஸ் இத்தனை சதவீதம் என்றதுமே பார்ட்டி முகம் சுண்டிப்போகும். அதை மிச்சம் பிடிக்கப் பாண்டிச்சேரியில் ஒரு விலாசத்தைப் பிடித்து, அங்கே பதிவு செய்து இங்கே ஓட்டுகிற பாண்டி வண்டிகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன்! டென்மார்க்கில் விலைக்கு மேல் வரியா? தொழில் புத்தி உடனே வேலை செய்தது.

“பாய், பக்கத்துலதானே ஜெர்மனி? அங்க வாங்கி, அந்த நம்பர் பிளேட்டோடயே ஓட்டிக்கிட்டு வந்துட்டா?”

பாய் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “அறந்தாங்கிக்காரன்னு காட்டிட்டீங்களே! டென்மார்க்குல குடியிருக்கிறவன் வெளிநாட்டு நம்பர்ல சுத்துனா புடிச்சு, வரியும் போட்டு, அபராதமும் போடுவான். அதனால இங்க உள்ளவன் வேற வழி கண்டுபுடிச்சான். பின்சீட்டே இல்லாத வண்டின்னா சரக்கு வண்டிக் கணக்கு, வரி கம்மி. நல்ல நல்ல வண்டியெல்லாம் பின்சீட்டக் கழட்டிட்டு ஓட்டுவான். அதுக்கு மஞ்ச நம்பர் பிளேட்டு.”

வரிக்காகப் பின்சீட்டைக் கழற்றுகிற மனிதன் ஐரோப்பாவிலும் இருக்கிறான்! எனக்கு அந்த நாட்டுக்காரர்கள்மேல் திடீரென்று ஒரு சொந்தம் வந்துவிட்டது. பாய் அதோடு விடவில்லை. வீடியோவைப் போட்டு, ஹோட்டல் வாசலில் நின்று தெருவைக் காட்டினார். சிக்னலில் ஆடிவெள்ளிக் கோயில் கூட்டம்போல் சைக்கிள்கள். கோட்டு போட்ட ஆபீசர் ஒருவர் சைக்கிளில். முன்னால் மரப்பெட்டி கட்டிய சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்து ஓர் அம்மா. பெட்டிக்குள் இருந்த பிள்ளை என்னைப் பார்த்துக் கையாட்டியது. நானும் கடைக்குள் நின்றுகொண்டு கையாட்டினேன்.

அன்றைக்கு ஒரு வண்டி பார்க்க வந்த பார்ட்டியை ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டேன். போனில் நாடு நாடாகத் தேடினேன். ஜெர்மனியில் அப்படிப் பெரிய பதிவு வரி கிடையாது, இன்ஜின் அளவையும் புகையையும் வைத்து வருஷா வருஷம் கட்டினால் போதும். பங்காளி மகன் ஆறு மாதத்தில் வாங்கிய ரகசியம் அதுதான். அவன் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நார்வேயில் பெட்ரோல் வண்டிக்கு வரியைத் தீட்டித் தள்ளுகிறார்கள், கரண்டு வண்டிக்குப் பல வருஷமாகச் சலுகை. அதனால் அங்கே ரோடெல்லாம் கரண்டு வண்டி. நெதர்லாந்தில் வண்டியை எடைபோட்டு வரி, கனத்த வண்டிக்குக் கனத்த வரி. நான் ஆளை எடைபோடுகிறேன், அவர்கள் வண்டியை எடைபோடுகிறார்கள்! டென்மார்க்கிலும் கரண்டு வண்டிக்கு வரி குறைவுதான். இப்போது புதிதாக எடுப்பவர்கள் அதைத்தான் எடுக்கிறார்களாம். போலந்து பக்கம் போனால், மேற்கே ஓடி அலுத்த பழைய வண்டிகளெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. அங்கே போய்க் கடை போடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.

ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்தது. ஒருத்தனிடம் கார் இருக்கிறதா இல்லையா என்பது அவன் சம்பாத்தியத்தைச் சொல்லவில்லை, அவன் எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறான் என்பதைத்தான் சொல்கிறது. நான் இத்தனை வருஷமாக மனிதர்களைப் படித்ததாக நினைத்தேன். உண்மையில் வரிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, குதிக்கலாம் போலவும் இருந்தது. பார்ட்டியை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அப்பா வாசலில் மருந்தடிக்கும் ஸ்பிரேயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி வேலையிலிருந்து வந்து, என் குரல் கேட்டதும் அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். டென்மார்க், ஜெர்மனி, நார்வே, மஞ்சள் நம்பர் பிளேட், பெட்டிக்குள் இருந்து கையாட்டிய பிள்ளை, ஒன்றையும் விடவில்லை. மூச்சு வாங்கியது.

அப்பா கவனமாகக் கேட்டார். கடைசியில் முகம் தெளிந்தது. “அப்ப சம்பளம் பொய்யில்ல. வரிதான் தடுக்குது. சரி, நம்ம வாங்கிக் குடுத்துருவோம். சீரா இருந்துட்டுப் போகட்டும்.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. “அப்பா! அவங்க சீரே வேணாம்னு சொல்லிட்டாங்க. அதுவும்போக, நம்ம ஆத்தங்கரை வயலை வித்தா அந்தக் காரோட வரியைக் கட்டலாம். காரு வாங்க வேற வயல் தேடணும்.”

அப்பா ஸ்பிரேயர் குழாயைக் கீழே வைத்தார். அதன் பிறகுதான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. “வரி கிரியெல்லாம் எனக்குப் புரியுதுடா. ஊருக்கு யாரு புரியவைக்கிறது? நான் ஒவ்வொருத்தனையும் நிப்பாட்டி டென்மார்க்குச் சட்டம் சொல்ல முடியுமா? ‘மருமகன் வெளிநாட்டுல சைக்கிள்லதான் போறாராமே’ன்னு கேட்டுச் சிரிப்பான். எம் மகளுக்கு அது வேணாம்.”

நான் நாடு நாடாகச் சேர்த்து வைத்திருந்த வரி ஞானத்தில் அதற்கு மருந்து இல்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா இறாலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏங்க, என்னைய விசாரிக்க வந்த ஆளு உங்க வீட்ல போயி என்ன சொன்னாரு?”

அப்பா கீழே வைத்த குழாயை மறுபடி கையில் எடுத்தார்.

“நீங்க சொல்ல மாட்டீக. நான் சொல்றேன். ‘பொண்ணு சைக்கிள் ஓட்டுது, அடங்காது, வேணாம்’னாரு. உங்க அய்யாவும் வேணாம்னுட்டாரு.”

அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்த நாட்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். அம்மாவும் அப்படிப் பழகி, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அந்தச் சைக்கிளால் கல்யாணம் நிற்கப் பார்த்தது என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

“ஊரே சிரிச்சுச்சு,” என்றாள் அம்மா. “சைக்கிள் ஓட்டுற பொம்பளையக் கட்டப் போறியான்னு உங்களைக் கேட்டாக. நீங்க என்ன சொன்னீக? ‘ஓட்டட்டும், கட்டுனா இதத்தான் கட்டுவேன்’னு ஒத்தக்கால்ல நின்னீக. அன்னைக்கு ஊருக்குப் பயப்படாத மனுசன் இன்னைக்கு எங்க போனாரு?”

அப்பாவின் காது மடல் சிவந்ததை என் முப்பத்திரண்டு வயதில் அன்றுதான் பார்த்தேன். அவர் எழுந்து, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “போனக் கொண்டா” என்றார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தங்கச்சி கதவருகே வந்துவிட்டாள். பேச்சை நிறுத்தியிருந்ததை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்குச் சம்மதம்ங்க,” என்றார் அப்பா. “ஆனா மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. எம் மக கேரியர்ல ஒக்காந்து வரமாட்டா. அவளுக்குன்னு தனியா ஒரு சைக்கிள் வாங்கி வைக்கச் சொல்லுங்க.”