மனசை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளி விவரங்களைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. கழக்கூட்டத்தில் ஆபீஸ். அங்கே ஒரு டீமுக்கு நான் லீடர். என் டீமில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவன் இருந்தான். நகரின் பழைய கோட்டைப் பகுதிக்குள் வீடு. திருநெல்வேலியிலிருந்து எப்போதோ இந்த மலையாள ஊருக்கு வந்த குடும்பம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறித் தனியாகவே வந்துவிடுவான். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருள் அவன் கம்ப்யூட்டரில் உண்டு. ஹெட்போனில் அதையும் டாக்டரின் குரலையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டு, எங்களில் யாரைப் போலவும் அவனும் வேலை பார்த்தான்.

போன வருடம் புது சாஃப்ட்வேர் வந்தது. இனிமேல் டாக்டர் சொல்வதை அதுவே டைப் அடித்துவிடும், பிழை திருத்துவது மட்டும் எங்கள் வேலை. முதல் நாள் அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்களேன்."

காதில் வைத்தேன். "பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான். எது சேமிக்கிற பட்டன், எது அழிக்கிற பட்டன் என்று அது சொல்லவே இல்லை. சாஃப்ட்வேர் செய்தவர்கள் பட்டன்களுக்குள் பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். கண்ணால் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அது பூட்டிய கதவு.

அன்றே எச்.ஆர். மேடத்துக்கு எழுதினேன். "ட்ரெயினிங் வருது, எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தது.

ட்ரெயினிங் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. மாற்றத்தை ஏற்றுக்கொள்ளப் பழக்குகிறவராம், வெளியூரிலிருந்து வந்திருந்தார். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மாற்றத்தைப் பற்றிய பயத்தை அதில் எழுதி உடைக்கச் சொன்னார். ஹால் முழுக்கப் பட்டாசு மாதிரிச் சத்தம். இவன் பலூனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"உங்க பயம் என்ன? சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார் அவர்.

"பயம் ஒண்ணும் இல்ல சார். பட்டனுக்குப் பேர் இல்ல. அதைப் போட்டுத் தந்தா மதி, அது போதும்."

அவர் சிரித்தார். ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா? பயம் எப்பவும் நேரா வராது. இப்படி ஒரு காரணத்தைப் போத்திக்கிட்டுதான் வரும். முதல்ல மனசை மாத்திக்கணும்."

சிலர் கை தட்டினார்கள். எழுந்து நின்றேன். "சார், கண்ணை மூடிக்கிட்டு அந்த சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு வரி நீங்க திருத்திக் காட்டுங்க. அப்புறமா எங்க மனசை மாத்தலாம்" என்றேன். எச்.ஆர். மேடம் என்னை முறைத்தார். டீ பிரேக் என்று அறிவித்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவனுக்கு வேலை வரவில்லை. காலையில் வருவான், உட்காருவான், மாலையில் போவான். சுற்றிலும் எல்லோருடைய கீபோர்டும் ஓடிக்கொண்டிருக்கும். "ஆபீஸ்ல என்ன விசேஷம்னு அம்மா தினம் கேக்கறா. என்ன சொல்றது?" என்றான் ஒருநாள்.

பிறகு மேடம் என்னைக் கூப்பிட்டு, அவனை ரிசப்ஷனில் போன் எடுக்க உட்கார வைக்கலாம் என்றார். "அவருக்கு ஏத்த வேலைதானே?"

"அவனுக்கு ஏத்த வேலையை அவன் பாத்துக்கிட்டுதான் இருந்தான். நீங்கதான் பிடுங்கினீங்க" என்றேன். "சாஃப்ட்வேர் பண்ணினவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பலூன் வாங்க ஆள் இருந்தது. போன் பண்ணிக் கேட்க ஆள் இல்லை.

சாஃப்ட்வேர் செய்த கம்பெனியோடு நடக்கும் ஆன்லைன் மீட்டிங்கில் எனக்கு அழைப்பு கிடையாது. எங்கள் மேனேஜரின் அறைக்குள் நானாகவே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த இன்ஜினியர் பையன் பதறிவிட்டான். "ஐயோ, அதுவா? விட்டுப்போச்சு மேடம். யாரும் எங்ககிட்ட சொல்லவே இல்லையே. அடுத்த அப்டேட்ல போட்டுடறோம்."

போட்டும் விட்டார்கள். அப்டேட் வந்த அன்றே அவன் திருத்த ஆரம்பித்தான். கேன்டீனுக்குக்கூட வரவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஆறியிருப்பேன். அடுத்த மாதம் கம்பெனியின் செய்தி மடல் எல்லோருக்கும் மெயிலில் வந்தது. முதல் பக்கத்தில் அவன் படம். அவனிடம் போய்ச் சொன்னேன்.

"போட்டோ நன்னாருக்கா?" என்றான் ஆசையாக.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு. எழுதியிருக்கறதக் கேளு." படித்தேன். 'அச்சத்தை வென்றார், மாற்றத்தை ஏற்றார். எங்கள் பயிற்சியின் வெற்றி.'

அவன் முகம் சிவந்தது. அவன் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. "நானா மாறினேன்? இத்தன நாள் சும்மா உக்காத்தி வச்சுட்டு, இப்ப நான் ஜெயிச்சேனாக்கும்!"

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த மெயிலுக்கே எல்லோருக்கும் போகும்படி பதில் அடித்தான். 'நான் மாறவில்லை. சாஃப்ட்வேரைத்தான் மாற்றினார்கள். அதை முதல் நாளே கேட்டேன்.'

மாலைக்குள் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. மேடம் மட்டும் என்னை லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, "உங்க டீமை நீங்க கன்ட்ரோல் பண்ண வேண்டாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.