மாதா தாண்டிப் போகும் வீடு

அக்டோபர் பிறந்தால் எங்கள் எஸ்டேட்டில் மாதா வீடு வீடாகத் தங்குவாள். ஒரு முழ உயரச் சுரூபம். மூக்கு நுனியில் சாயம் போயிருக்கும். சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, ராத்திரி அங்கேயே வைத்திருந்து, மறுநாள் அந்த வீட்டுக்காரர்களே தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடிப் போய் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் குடை மாதாவுக்கு, நனைவது தூக்குகிறவர். வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டியது வீட்டுக்காரி.

பதின்மூன்று வருஷமாக அந்தக் குடை எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. மேலே மதினி வீடு, கீழே உபதேசியார் வீடு, நடுவில் நாங்கள். மதினி என்றால் ரத்த சொந்தமில்லை. ஒரே லயத்தில், எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் வளர்ந்ததால் வந்த முறை. அவள் வீட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். எங்கள் வாசல் வந்ததும் பாட்டின் சத்தம் குறையும், தாண்டியதும் கூடும். இதைக்கூடக் கவனித்து வைத்திருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல.

காரணம் ஊருக்கே தெரியும். நானும் என்னவளும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். குமுளி ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்க எதிரெதிரே உட்கார்ந்து பழகியவர்கள். அவள் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். நான் ஞானஸ்நானம் வாங்கியவள். முதலில் தோழி என்றுதான் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் மதினி நேராகக் கேட்டாள், நானும் உள்ளதைச் சொன்னேன். வாயில் பொய்யை வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்ட எனக்கு வராது. அடுத்த ஞாயிறு கோயிலில் என் பக்கத்தில் இருந்தவர்கள் பாயோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில் பட்டியலில் எங்கள் வீடு இல்லை.

போங்கடி என்று இருந்திருக்கலாம். முடியவில்லை. அம்மா செத்த வருஷம் எங்கள் லயத்து அறையில் மாதா ஒரு ராத்திரி தங்கினாள். அந்த மாதத்தில் நான் பயமில்லாமல் தூங்கியது அன்றைக்கு மட்டும்தான். அப்படி ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று எனக்கு ஆசை, வெறும் ஆசை.

என்னைவிட அவளுக்குத்தான் நம்பிக்கை. வருஷா வருஷம் மாதாவை வைக்க முக்காலியைக் கழுவிக் காயவைப்பாள். "ஏனுங்க அம்மணி, இந்த வருசம் உங்க மாதா வருவாங்களாட்ட இருக்குதுங்க" என்று என்னைச் சீண்டிக்கொண்டே, ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொண்டைக்கடலை ஊறப்போடுவாள். குடை தாண்டிப் போகும். பிறகு அந்தக் கடலையை நாங்கள் இருவரே இரண்டு நாள் தின்று தீர்ப்போம்.

காலம் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று கோர்ட்டில் சொன்ன மறுநாள், கடையில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப உங்களைப் போலீசு இனி ஒண்ணும் செய்யாதா?"

"முன்னயும் போலீசு ஒண்ணும் செய்யல. செஞ்சதெல்லாம் நீங்கதான்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கோயில் பாயிலும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் மதினி வந்தாள். எங்கள் பகுதி ஜெபக் கூட்டத்துக்கு இப்போது அவள்தான் தலைவி. "ஏட்டி, பட்டியல்ல உன் வீடும் இருக்கு. பங்குச் சாமிகிட்ட நான்தான் மல்லுக்கட்டுனேன்" என்றாள். நான் அழுதேவிட்டேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து மிச்சத்தைச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த ஒரு சாயங்காலம் அவ வீட்டுல இல்லாம இருந்தா நல்லது. நாலு பேரு மொகம் சுளிச்சா ஜெபம் ஓடுமா? எல்லாம் பையப் பையத்தான வரும்."

மதினி போனதும் அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தால், சிரித்தாள். "எல்லாச் சாமியும் ஒத்தையாத்தான் வரச் சொல்லுதுங்க அம்மணி." அவள் அண்ணனும் அப்படித்தான் மாரியம்மன் நோம்பிக்குக் கூப்பிட்டிருந்தார், தனியாக வந்தால் வா என்று. போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் பேசவில்லை. "நா போகலீங்களா? ஒரு சாயங்காலந்தானே. குமுளியில டீ குடிச்சுட்டு ஏழரை பஸ்ஸுக்கு வந்தர்றேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசை வெட்கமறியாது என்பது சும்மாவா? இன்றைக்கு வரை அது என் நெஞ்சில் உறுத்துகிறது.

அன்றைக்கு அவள் முக்காலியைக் கழுவி, தன்னுடைய பச்சைப் பட்டுச் சேலையை மடித்து அதன்மேல் விரித்தாள். செவ்வந்தி வைத்தாள். கடலையை அவித்துத் தாளித்து மூடிவைத்தாள். ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

ஆறரைக்குப் பாட்டு கேட்டது. படியிறங்கி வந்தது. எங்கள் வாசலில் இந்தமுறை சத்தம் குறையவில்லை. மதினி மாதாவை ஏந்திக்கொண்டு நின்றாள், அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் இருபது பேர் இருக்கும். நான் கையை நீட்ட வேண்டும். எவ்வளவு பக்கத்தில் இருந்தாள் என் தாயார்! கை எழவில்லை.

"மதினி, வீட்டுல ஆள் இல்ல" என்றேன்.

"நீ நிக்கியே, ஏட்டி?"

"நான் பாதிதான் மதினி. அவளும் இருக்கிற அன்னைக்கு வாங்க."

பாட்டு நின்றுவிட்டது. மதினி என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள், முக்காலியை, அந்தப் பச்சைச் சேலையை. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். "கிறுக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே நடந்தாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. நடையிலேயே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன்.

ஏழரை பஸ்ஸில் அவள் வந்தாள். வெறும் முக்காலியைப் பார்த்தாள்.

"மாதா எங்கீங்க?"

"வந்தாங்க. வீட்டுல ஆள் இல்லன்னு அனுப்பிட்டேன்."

பிறகு செருப்பைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். ஒரு கிண்ணம் கடலையை எடுத்துவந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் சேலையெல்லாம் ஈரம்.

"அடுத்த வருசம் கடலை கொஞ்சம் சேத்திப் போடோணுமுங்க" என்றாள், அழுதுகொண்டே.

நாளை அக்டோபர் பிறக்கிறது. முக்காலி வெயிலில் காய்கிறது. கோயிலில் பட்டியல் இன்னும் வாசிக்கவில்லை.