உப்புக் கரித்த நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டுத் தரை ஈரமாகத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே சொன்னால் ஊர் காறித் துப்பும் என்று வாயை மூடிக்கொண்டு துணியைப் பிழிந்து துடைத்தேன்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரோரம்தான் முதலில் கறுத்தது. துடைத்தால் போய்விடும், சோறு வடிப்பதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாளில் கூடம் முழுக்கக் கால் வைத்தால் பிசுபிசுத்தது. அந்த வருடத்து மழையில் ஏரி எங்கள் தெருமுனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அதனால் யாருக்கும் வேறு நினைப்பே வரவில்லை. மேலே வர முடியாத ஏரி அடியில் வருகிறது என்று கோட்டைக்குப்பமே பேசியது.

தீர்ப்புச் சொன்னவர் என் மாமனார். குந்தி உட்கார்ந்து, தரையில் கசிந்து நின்றதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இங்கே எல்லாவற்றுக்கும் நாக்குதான். முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்துவிட்டதா, எறால் எந்தப் பக்கம் ஏறும், எல்லாவற்றையும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டுத்தான் சொல்வார்கள். படித்தவர், படிக்காதவர், கவுன்சிலுக்கு நின்று தோற்றவர் யாரும் அந்த நாக்கை எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

"கரிக்குது. ஏரிதான்" என்றார் மாமனார்.

"நைனாவே சொல்லிட்டாரு, அவ்ளோதான்" என்றார் என் கணவர். முகம் செத்துப்போயிருந்தது.

என் முகத்தை நான் அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டேன். காரணம் உண்டு. நான் பொன்னேரிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோடு சேர்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். அக்கா இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே ஒரு போர்ஷனை எங்களுக்கென்று பூட்டியே போட்டிருந்தாள். என் மகளும் பள்ளிக்குப் பொன்னேரிக்குத்தான் பஸ்ஸில் போய் வருகிறாள். வா வா என்று அக்கா கூப்பிட, போகலாம் போகலாம் என்று நான் நச்சரிக்க, ஒரு பொங்கலுக்கு அவள் எதிரிலேயே என் கணவர் சொன்னார்: "ஏரி எப்போ எங்க வூட்டுக்குள்ள வருதோ, அன்னிக்கே மூட்டைய கட்டிடறோம் அண்ணி, போதுமா?" கிண்டல்தான். வராது என்ற தைரியம். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன் அவர், அதுதான் எனக்குச் சாதகம்.

இந்த ஊரை நான் வெறுக்கிறேன் என்று சொல்லமாட்டேன். எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். விடிந்தால் வலை, விடிந்தால் நண்டு, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். தையல் மிஷினை எடுத்து வைத்தால் பத்துப் பேர் கிழிந்த நைட்டியோடு வருவார்கள், ஒரு ரவிக்கைத் துணி வராது. எனக்குத் தெரிந்த வேலை என் கையிலேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

ஆக ஏரி வந்துவிட்டது. முழுப் பரீட்சை முடிந்ததும் கிளம்புவது என்று முடிவானது. மாமனாரும் வருகிறேன் என்றார். சொல்லிவிட்டுச் சரியாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினேன். பாட்டு ஒன்றுதான் பாடவில்லை.

நடுவில் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். எல்லோருமாகப் போய்த் தங்கிவிட்டு வந்தோம். வீட்டைப் பூட்டுமுன் கேஸை மூடி, மாடி டேங்கிலிருந்து கீழே இறங்கும் பைப்பின் வால்வையும் மூடிவிட்டுப் போவது என் அம்மா வீட்டுப் பழக்கம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் தரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"ஏரி வத்திடுச்சி இல்ல, அதான்" என்றார் கணவர். முகத்துவாரம் மணல் மேடாகி அடைத்துக்கொண்டு, ஏரி தூரமாக ஓடிப்போயிருந்தது உண்மை. ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்றும் அது அதே தூரத்தில்தான் இருந்தது, அன்று காலையிலும் நான் தரையைத் துடைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. வால்வைத் திறந்தேன். சாயங்காலம் சுவரோரம் மறுபடி கறுத்தது.

அப்போதுதான் மோட்டார் ஞாபகம் வந்தது. சில மாதமாக நான் மோட்டார் போடுவது அதிகமாகியிருந்தது. "தண்ணிய குடிக்கிறியா, குளிக்கிறியா?" என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். துடைக்கவே தண்ணீர் போகிறது என்று நானும் நம்பியிருந்தேன்.

மறுநாள் ஆண்கள் இருவரும் வெளியே போனதும் வால்வை மூடி, தரையைத் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவைத்தேன். பிறகு கோலமாவை எடுத்துச் சுவரோரம் முழுக்கத் தூவினேன். வால்வைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெள்ளை மாவில் ஒரே ஒரு இடத்தில், சமையலறை வாசற்படிக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்கு முதலில் கறுத்தது. அங்கிருந்துதான் பரவியது. அந்த இடத்துக்குக் கீழேதான் சமையலறைக்குப் போகும் பைப் ஓடுகிறது.

ஏரி இல்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது. மாவையெல்லாம் கூட்டி அள்ளினேன். இது என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம், பரீட்சை முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு மாமனார் வரவில்லை. தேடிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வற்றிய சேற்றைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் வெற்றிலை, வெற்றிலை மேல் கற்பூரம் எரிந்தது. நான் பின்னால் நிற்பது தெரியாது.

"இன்னா தப்பு பண்ணேன் தாயே? உன்கிட்ட வந்து ஒரு நாளாவது பேராசைப்பட்டிருப்பேனா? ஒத்த வூடு. அத்த போய் கேக்கறியே" என்று அழுதார். கற்பூரம் கையைச் சுட்டிருக்கும், அவர் உதறவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு உடைந்த பைப்புக்காக இந்த மனுஷன் ஏரியின் காலில் விழுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு இல்லாமல் போனது, என் தலையெழுத்து.

"மாமா, அது ஏரி இல்ல. நம்ம பைப்பு உடைஞ்சிருக்குது" என்றேன்.

திரும்பினார். "இன்னாமா சொல்ற? நான்தான் வாயில வெச்சிப் பாத்தேனே. கரிச்சுதே."

"கருவாடு ஊறவெச்ச தண்ணியும்தான் கரிக்குது. நல்ல தண்ணிலதான ஊறவைக்கிறேன்?"

அந்த வீட்டின் அடித்தளத்துக்கு ஏரி மண்ணையும் சிப்பியையும் தோணி தோணியாக ஏற்றி வந்து கொட்டி நிரப்பியவரே அவர்தான். மேலே கான்கிரீட் போட்டு மூடியதோடு அதை மறந்துவிட்டார். குழாய்த் தண்ணீர் அந்த உப்பு மண்ணில் ஊறி மேலே வந்தால் எந்த நாக்குதான் ஏமாறாது? வெற்றிலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து கரை ஏறினார். வழியெல்லாம் சிரித்தார்.

பொன்னேரியிலிருந்து பிளம்பர் வந்தார். வந்ததுமே கூடத்தை முழுசாக உடைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் வாசற்படிப் பக்கத்தைக் காட்டி, இங்கே உடைத்தால் போதும் என்றேன். நம்பிக்கையில்லாமல்தான் உடைக்கிற மெஷினை வைத்தார். கான்கிரீட் பெயர்ந்ததும் உள்ளே மண் கூழாகக் கிடந்தது. அடியில் மண் இறங்கிவிட்டதால் பைப் அந்தரத்தில் தொங்கி, திரும்புகிற இடத்தில் எல்போ விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீச்சியது. கணவர் அதைப் பார்த்து, "அடப்பாவி, நீதானா?" என்று பைப்பைத் திட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, புது எல்போவைச் சொல்யூஷன் தடவி மாட்டி, இறுகும்வரை காத்திருந்தார்கள். வால்வைத் திறந்தபோது குழியைச் சுற்றி எல்லோரும் குனிந்து நின்றோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உருக்கமாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கசிந்தால் போதும் என்று வேண்டினேன். கசியவில்லை. பைப்புக்குக் கீழே செங்கல் முட்டுக் கொடுத்து, புது மணல் போட்டுக் குத்தி, ஜல்லியும் சிமெண்டும் கலந்து மூடினார்கள்.

"இனிமே இருவது வருசத்துக்கு இந்த வூட்டுக்கு இன்னாவும் ஆவாது" என்றார் பிளம்பர். ஆயுள் தண்டனையை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். "நீ இல்லன்னா ஓடிப்போயிருப்போம். கைய வெய்மா. இது உன் வூடு." ஈரச் சிமெண்டில் என் உள்ளங்கையைப் பிடித்து அழுத்தினார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். கணவர் அதைப் போனில் படம் எடுத்து என் அக்காவுக்கு அனுப்பிவிட்டு, சாக்கு மூட்டைகளை அவிழ்க்க உள்ளே போனார்.

அக்கா உடனே கூப்பிட்டாள். நான் கையைக்கூடக் கழுவவில்லை.

"வூடு தப்பிச்சிடுச்சாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"யாரு கண்டுபுடிச்சது?"

"நான்தான்."

பின்னால் அவள் கடையில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அப்போ கடை மாடிய யாருக்காச்சும் வாடகைக்கு வுட்டுடட்டுமாடி?"

"வுட்டுடுக்கா" என்றேன்.